நோன்யா மன்சூரின் தந்தி

ஒரு தந்தியால் ஒரு மனிதனின் கண்களைப் பறிக்க முடியும் என்று காட்டிய படம் 'இபு மெர்துவாக்கு'. தமிழில் 'என் மாமியார்'. 1962-இல் பி. ரம்லி இயக்கி, தானே நாயகனாக நடித்து, பாடிய மலாய்ப் படம். சிங்கப்பூரில் நோன்யா மன்சூர் என்று ஒரு பணக்கார விதவை. அவள் மகள் சபரியா, வானொலியில் சாக்சபோன் கேட்டே காசிம் செலாமாட் என்ற இசைக்காரன்மேல் மனத்தைப் பறிகொடுத்தவள். தாய்க்கு இசைக்காரன் என்றாலே ஆகாது. பையன் வழக்கறிஞரா, மாஜிஸ்திரேட்டா என்று விசாரிக்கிற வீடு அது. கண் மருத்துவர் இஸ்மாடியை மருமகனாக அவள் எப்போதோ குறித்து வைத்துவிட்டாள். காதல் தெரிய வந்ததும் அழவில்லை, தடுக்கவில்லை. இருவரையும் கட்டிவைத்து, கையில் ஒன்றும் கொடுக்காமல் வெளியே அனுப்பிவிடுகிறாள். கேட்டதைக் கொடுத்தே தண்டிப்பது என்று ஒன்று உண்டு. மாமியார்களை நன்கு அறிந்த எழுத்து இது.

அவர்கள் வந்து சேரும் ஊர் பினாங்கு. வசதியாக வளர்ந்த பெண்ணுக்குப் பட்டினி புதிது. பிள்ளைப்பேற்றுக்குச் சபரியா தாய்வீட்டுக்குப் போகிறாள். சில நாள் கழித்துத் தந்தி வருகிறது: சபரியா பிரசவத்தில் இறந்துவிட்டாள். பொய். சபரியா உயிரோடு இருக்கிறாள். பின்னால் இஸ்மாடியின் மனைவியும் ஆகிறாள். இங்கே காசிம் அழுது அழுது பார்வையை இழக்கிறான்.

வில்லியின் கையில் கத்தி கொடுப்பது எளிது. விஷம் இன்னும் எளிது. ரம்லி கொடுத்தது அஞ்சலகத்தில் யாரும் சில வெள்ளி கட்டி அனுப்பக்கூடிய ஒரு தாள். அந்தத் தாளுக்குள் எத்தனை கணக்கு இருக்கிறது பாருங்கள். பினாங்குப் பாலம் திறந்தது 1985-இல்தான். அன்று ஜார்ஜ் டவுனிலிருந்து சிங்கப்பூர் போக வேண்டுமென்றால் ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போய், ரயில் பிடித்து, 700 கிலோமீட்டருக்கும் மேல் கடக்க வேண்டும். மருமகனிடம் அதற்குக் காசு இராது என்பது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த ஏழ்மையை உண்டாக்கியதே அவள்தான். அவன் நேரில் வந்து பார்த்து உறுதி செய்துகொள்ள மாட்டான் என்ற தைரியம் அங்கிருந்து வருகிறது.

இதற்கும் மேலே ஒன்று. மனைவி செத்தாள் என்ற செய்தி அவனை எழுந்திருக்க விடாது என்று நம்பித்தான் அவள் அதை அனுப்புகிறாள். அப்படி நம்ப வேண்டுமானால் அவன் காதல் எவ்வளவு ஆழம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படம் முழுக்க வாயால் ஒப்புக்கொள்ளாத ஒன்றை அவள் தந்தியில் ஒப்புக்கொண்டுவிட்டாள். அந்தக் கதாபாத்திரத்தில் நான் திரும்பத் திரும்பச் சுவைக்கிற இடம் இதுதான். நடித்தவர் மாக் டாரா.

அண்மையில் வீட்டில் இந்தப் படத்தைப் போட்டபோது, மனோவியல் படிக்கும் என் அக்கா மகள் பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மாமா, இந்தம்மாவுக்கு நார்சிசம். பார்த்தாலே தெரியுது." இப்போதெல்லாம் எந்தப் படம் முடிந்தாலும் இப்படி ஒரு சீட்டு எழுதப்படுகிறது. ஜோக்கருக்கு என்ன நோய், சகுனிக்கு என்ன கோளாறு, 'சைக்கோ'வா 'பைபோலாரா' என்று. பிள்ளைகள் படித்ததை உலகத்தில் பொருத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆகவே அவள் சொன்னதைத் தள்ளிவிடாமல் இருவரும் உட்கார்ந்து முறையாகவே பார்த்தோம்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, நார்சிசம் எனப்படும் தற்காதல் ஆளுமைக் கோளாறுக்கு ஒன்பது அடையாளங்களைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது ஐந்து இருந்தாக வேண்டும். எல்லாம் தனக்கு உரியது என்ற நினைப்பு: உண்டு. பிறரைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்துவது: உண்டு. அகந்தை: தாராளமாக உண்டு. பிறர் வலியை உணராமை: இங்கேதான் நான் நின்றேன். உணராதவள் அனுப்பியிருக்கக்கூடிய தந்தி அது இல்லையே. எங்கே அடித்தால் எவ்வளவு வலிக்கும் என்று அளந்தல்லவா அடிக்கிறாள்? சரி, வலியை அறிவது வேறு, அதற்கு இரங்குவது வேறு என்று அதையும் விட்டுக்கொடுத்தேன். நான்கு ஆயிற்று. ஐந்தாவதற்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. புகழுக்கு ஏங்குகிறாளா? இல்லை. தான் அபூர்வப் பிறவி என்று எண்ணுகிறாளா? தன் குடும்பத்தை அப்படி எண்ணுகிறாள். ஆனால் அந்தத் தெருவில் வசதியான எல்லாரும் தத்தம் குடும்பத்தை அப்படித்தான் எண்ணியிருப்பார்கள்.

மேலும் கையேடு இன்னொன்றும் கேட்கிறது. இந்தக் குணம் இளமையிலேயே வேரூன்றி, வாழ்க்கையின் பல இடங்களிலும் ஒரே மாதிரி வெளிப்பட்டிருக்க வேண்டும். நோன்யா மன்சூரின் இளமை எங்கே? அது எழுதப்படவே இல்லை. அவள் எந்த வயதில் கைம்பெண் ஆனாள், கணவன் எப்படிப்பட்டவன், தோழிகளிடம் எப்படி நடந்துகொள்வாள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. உயிருள்ள நோயாளியிடம் மருத்துவர் நாலு முறை உட்கார்ந்து பேசலாம், வீட்டாரை விசாரிக்கலாம், மறுமாதம் வரச்சொல்லி மாற்றம் பார்க்கலாம். கதாபாத்திரம் படம் முடிந்ததும் முடிந்துபோகிறது. நேரில் பரிசோதிக்காத, பொதுவாழ்வில் உள்ளவர்களைப் பற்றி நோய்க்கருத்துச் சொல்லக்கூடாது என்று அந்தச் சங்கமே 1973-இல் தன் உறுப்பினர்களுக்கு நெறி வகுத்திருக்கிறது. உயிரோடு உலவுகிறவருக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், இல்லாதவளுக்கு எப்படிச் சீட்டு எழுதுவது?

அந்தப் படத்தின் மருத்துவமே விசித்திரமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழுது எவரும் குருடானதில்லை. மனத்துயர் பார்வையை முடக்கும் நிலை உண்டு. மனநல மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயரும் உண்டு. ஆனால் அப்படிப் போன பார்வை கத்தி வைத்தால் திரும்பாது. படத்தில் திரும்புகிறது. காசிமைப் பினாங்கில் ஒரு மாமி வீட்டோடு சேர்த்துக்கொள்கிறாள். மாமியார் துரத்திய ஆளை மாமி ஏந்திக்கொள்கிறாள். அவன் ஒஸ்மான் ஜைலானி என்ற பெயரில் மறுபடி மேடையேறிப் புகழ் பெறுகிறான். அவனுக்குக் கண் அறுவை செய்து பார்வை தருகிறவர் யார்? இஸ்மாடி. எவனை விரட்டினாளோ அவன் கண்ணை, எவரை வரித்தாளோ அவர் கையாலேயே திறக்க வைக்கிறார் ரம்லி. உண்மை தெரிந்ததும் காசிம் இரண்டு முள்கரண்டிகளை எடுத்துத் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். சாப்பாட்டு மேசைக் கருவி. ஒரு பக்கம் தந்தி, மறுபக்கம் முள்கரண்டி: நாகரிகமான வீட்டில் புழங்கும் இரண்டு சாதுப் பொருள்கள்தான் இந்தப் படத்தின் ஆயுதங்கள். நோய்ப்பட்டியல் கையில் இருந்தால் இதைக் கவனிக்கவே தோன்றாது.

ரம்லி எங்கள் பினாங்குப் பிள்ளை. 1929 மார்ச் 22-இல் ஜார்ஜ் டவுனில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர். பிறந்த வீடு இருக்கும் சாலை இன்று அவர் பெயரையே தாங்குகிறது.  

வில்லனை நோயாளியாகப் பார்க்கும் ஆசை நம் பழைய இலக்கியத்தின் முன்னால் இன்னும் தடுமாறும். கம்பனின் இராவணனை எடுத்துக்கொள்ளுங்கள். சூர்ப்பணகை வந்து சீதையின் அழகைச் சொல்லிவிட்டுப் போனபின் அவனுக்கு உடல் கொதிக்கிறது. பனிக்காலம் சுடுகிறது என்று சொல்லிப் பருவத்தை மாற்றச் சொல்கிறான். வந்த பருவமும் சுடுகிறது. நிலவைக் கொண்டுவரச் சொல்கிறான். நிலவு அதைவிடச் சுடுகிறது. அதைத் துரத்திவிட்டுச் சூரியனைக் கூப்பிடு என்கிறான். தன் சொல்லுக்கு வானம் அடங்கும் என்று ஒருவன் நம்பினால், மருத்துவர் உடனே பெருமித மருட்சி என்று எழுதுவார். ஆனால் மருட்சி என்றால் நம்புவது பொய்யாக இருக்க வேண்டும். இராவணன் சொன்னால் நிலவு உண்மையிலேயே வருகிறது! போ என்றால் போகிறது. அவன் உலகத்தில் அது நடைமுறை. கம்பனின் நயம் அங்கேதான் வேலை செய்கிறது. வானத்தை ஏவக்கூடியவனுக்கு உள்ளே எரிவதை மட்டும் அணைக்கத் தெரியவில்லை. எந்தக் கட்டளையும் செல்லாத ஓர் இடம் அவன் நெஞ்சுக்குள் இருக்கிறது என்பதைச் சொல்ல, அத்தனை கட்டளைகளும் செல்லுபடியாகும் உலகத்தைக் கவிஞன் படைக்க வேண்டியிருந்தது.

கூனியும் அப்படித்தான். ஒரு நாட்டையே துக்கத்தில் ஆழ்த்தும் அவள் சூழ்ச்சிக்குக் கம்பன் காட்டும் விதை மிகச் சிறியது. இராமன் சிறுவனாக இருந்தபோது விளையாட்டாக உண்டைவில்லால் அவள் கூனில் அடித்த ஒரு மண் உருண்டை. அடித்தவனுக்கு அது நினைவிலேயே இருந்திராது. பட்டவள் ஆண்டுக்கணக்காக அடைகாத்து வைத்திருந்தாள். முழுக் காவியத்துக்கும் நாயகனாக நிற்கப்போகிறவனின் ஒரே ஒரு பால்யக் குறும்பை, கணக்குத் தீர்க்கும் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறான் கவிஞன். ஆள் உயர அறிக்கை எழுதினாலும் இவ்வளவு தெளிவாக ஒரு மனக்காயத்தின் வரலாற்றைச் சொல்லிவிட முடியாது. அதற்கு அவன் எடுத்துக்கொண்டது பாட்டில் ஒரு மூலை.

நம் சினிமா வேறு வழியில் போனது. வில்லனையும் படைத்து, அவனுக்கு மருத்துவரையும் படைத்து, சீட்டையும் தானே எழுதிக்கொண்டது. 'அந்நியன்' (2005) படத்தில் நாசர் மருத்துவராக வந்து நாயகனுக்குப் பல ஆளுமைக் கோளாறு என்று விளக்குவார். மருத்துவ உலகம் அந்தப் பெயரை 1994-லேயே மாற்றிவிட்டிருந்தது. நோய்ப்பெயருக்கும் காலாவதித் தேதி உண்டு. ஆனால் பிரகாஷ்ராஜ் முன்னால் விக்ரம் அம்பியாகவும் அந்நியனாகவும் நொடிக்கொரு தரம் மாறும் விசாரணைக் காட்சிக்கு இன்னும் வயதாகவில்லை. அடி வாங்குகிறவன் கெஞ்சும்போது தோள் உள்ளே ஒடுங்கும். மற்றவன் வந்ததும் அதே தோள் அகலமாகும். குரலைப் பற்றிப் பேசுபவர்கள் அந்தத் தோளையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) கொலைகாரனுக்கு ஒரு பிள்ளைப்பருவக் கதையைக் கொடுத்து, அவன் பெண்களை வெறுப்பதற்குக் காரணம் சொல்கிறது. படத்தின் பலவீனமான பகுதி அதுதான் என்பேன். அந்தக் காரணம் யாருக்கும் நினைவில் இல்லை. நினைவில் நிற்பது, புதைத்த உடல்களின்மேல் பூத்து நிற்கும் ரோஜாத் தோட்டம். பாலு மகேந்திராவின் 'மூடு பனி' (1980) இன்னும் துணிச்சலானது. பிரதாப் போத்தன் ஏற்ற சந்துரு கொலைகாரன். கடத்தி வந்த பெண்ணின் முன்னால் அவன் கிதார் வாசித்துப் பாடுகிறான். இளையராஜாவின் நூறாவது படம் அது. யேசுதாஸ் குரலில், அந்தக் காலத்தின் மிக மென்மையான மெட்டுகளில் ஒன்றை ஒரு கொலைகாரன் வாயில் வைத்தார்கள். பாட்டு முடியும்வரை அவன் யார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம், மறந்ததை எண்ணிப் பயப்படுகிறோம். இந்த நடுக்கத்துக்குக் கையேட்டில் எண் கிடையாது.

மருத்துவர்களே முயன்று பார்த்த கதையும் உண்டு. பெல்ஜிய நாட்டு மனநல மருத்துவர்கள் இருவர், லைஸ்டெட், லிங்கோவ்ஸ்கி, 1915 முதல் 2010 வரை வந்த 400 படங்களைப் பார்த்து, 126 கதாபாத்திரங்களைத் தேர்ந்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். உண்மையான சைக்கோபாத்துக்கு மிக நெருங்கியவனாக அவர்கள் காட்டியவர்களில் முக்கியமானவன், 2007-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் கூலிக்கொலைகாரன் ஆன்டன் சிகூர். 'சைக்கோ' என்ற சொல்லை உலகமெங்கும் பரப்பிய ஹிட்ச்காக் படத்தின் நார்மன் பேட்ஸ் அவர்கள் கணக்கில் சைக்கோபாத்தாகவே தேறவில்லை. அவனுடையது வேறு வகை, மனச்சிதைவின் பக்கம் சாய்வது. உழைத்துச் செய்த வேலை, மதிக்கிறேன். ஆனால் சிகூரைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். பெட்ரோல் நிலையக் கிழவரிடம் அவன் பேசிக்கொண்டே கசக்கி மேசையில் வைத்த பொட்டலத் தாள் மெல்ல மெல்லத் தானாக விரியும் சத்தத்தைத்தான் சொல்வார்கள்.

இப்படி ஒரு சின்ன விவரம் நோய்ப்பெயரை விழுங்கிவிடுவது கதைகளில் மட்டும் நடப்பதில்லை. எங்கள் தீவிலேயே நடந்த ஓர் உண்மை வழக்கு இருக்கிறது.

1846 ஜூலை 8. பினாங்கில் சூனான் என்ற மலாய்க்காரர், வீடு கட்டும் தொழிலில் மதிப்போடு இருந்தவர், திடீரென்று கண்ணில் பட்டவர்களை எல்லாம் வெட்டினார். ஓர் இந்து மூதாட்டி, ஒரு சீனச் சிறுவன், அன்று 'கெலிங்' என்று அழைக்கப்பட்ட நம் தென்னிந்தியர் ஒருவர், அதே இனத்தில் தகப்பன் கையில் இருந்த ஏறத்தாழ மூன்று வயதுப் பெண்குழந்தை. நால்வர் இறந்தார்கள். காயப்பட்டவர்கள் ஏழு பேர். அவர்களிலும் பிழைத்தவர் இருவரே. பிடித்தார்கள். 13-ஆம் தேதி விசாரணை. 15-ஆம் தேதி தூக்கு. குற்றத்திலிருந்து கயிறு வரை எட்டே நாள். தண்டனை கொடுத்த நீதிபதி சர் வில்லியம் நோரிஸ், குற்றத்தின் வேரைச் சூனானின் மதத்தில் தேடினார். நோரிஸ் எழுதியதை வெளியிட்ட இதழாசிரியர் ஜே. ஆர். லோகன். லைட் ஸ்ட்ரீட்டில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே நிற்கும் வெள்ளைப் பளிங்கு நினைவுச்சின்னம் லோகனுக்கு எழுப்பியதுதான். தினமும் கடந்துபோகிறவர்களுக்குக்கூட இந்தத் தொடர்பு தெரியாது.

விசாரணையில் சூனானுக்கு வேலை கொடுத்தவர் ஒருவர் சாட்சி சொன்னார். அண்மையில்தான் மனைவியும் பிள்ளையும் இறந்துபோனார்கள், துக்கத்தால் வேலை ஓடவில்லை என்பான், குடிப்பதில்லை, புகைப்பதில்லை, புத்தி பேதலித்திருக்கும் என்றே நினைக்கிறேன். நடந்த அன்று காலைகூடப் படகு வேலைக்குக் கூப்பிட்டேன். முடியாது, துக்கமாக இருக்கிறது என்றான். கைகளைத் துணிக்குள் மறைத்து வைத்திருந்தான். இவ்வளவும் வழக்குக்கு வேண்டிய சாட்சியம். இடையில் அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், வழக்குக்கு எந்த வகையிலும் தேவைப்படாத ஒன்று: அவன் தன் பிள்ளையை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வருவான்.

இதைப் படித்த நாளிலிருந்து அந்த வாக்கியம் என்னை விடவில்லை. மரத்தூளும் ஆணியும் கிடக்கும் இடத்தில், அப்பன் இழைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்த நாள்கள் இருந்தன. பிறகு அந்த இடம் காலியாயிற்று. காலியான பின்னும் அதே வேலைக்கு அவர் வரவேண்டியிருந்தது. அவர் கொன்ற குழந்தையும் ஒரு தகப்பன் கையில் இருந்ததுதான் என்பதை இதனோடு சேர்த்துப் படிக்கும்போது எனக்குச் சொல் வருவதில்லை. கொலையை இது மன்னிக்காது. செத்தவர்களில் நம் சனமும் உண்டு. ஆனால் 'பேய்' என்று தூக்கில் போட்ட ஒருவரை மனிதராக மீட்டுத் தருவது, சாட்சி போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வரிதான். அவரோ, தாம் செய்தது எதுவும் தமக்குத் தெரியாது என்றே கடைசிவரை சொன்னார். துரைமார் இத்தனை கொலை என்கிறார்களே, அப்படியென்றால் அப்படித்தான் இருக்கும் என்ற அளவில் ஏற்றுக்கொண்டு போனார்.

இங்கே நோய்ப்பெயருக்கு வேலை இருந்தது. செய்வது இன்னதென்று அறியாத மனநோயாளியைக் குற்றவாளியாகக் கொள்ளலாகாது என்ற மக்நாட்டன் விதிகள் இங்கிலாந்தில் வகுக்கப்பட்டது 1843-இல், சூனானின் விசாரணைக்கு மூன்றே ஆண்டுகள் முன்னால். நிதானமாக ஒரு மருத்துவர் பார்த்திருந்தால், ஒரு பெயர் சொல்லியிருந்தால், அந்தக் கழுத்துக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். நோய்ப்பெயர் என்பது காப்பாற்றப்பட வேண்டிய கழுத்துக்கும், ஆற்றப்பட வேண்டிய வலிக்கும் உரியது. நோன்யா மன்சூருக்கு மருந்து வேண்டாம். சிகூருக்கு மன்னிப்பு வேண்டாம். இராவணனை எவரும் வார்டில் சேர்க்கப்போவதில்லை. அவர்கள் நம்மிடம் கேட்பது உற்றுப் பார்க்கும் கண்ணை.

சூனான் செய்ததற்கு மலாயில் இருந்த பெயர் 'அமோக்'. அதை மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூர் மனநோய் விடுதியின் தலைமை மருத்துவர் கில்மோர் எல்லிஸ் 1893-இல் மலாய்க்காரர்களின் அமோக் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். நூறாண்டு கழித்து, 1994-இல் அமெரிக்கக் கையேட்டின் பின்னிணைப்பில் அது இடம் பெற்றது. 2013 பதிப்பில் அந்தப் பட்டியலிலிருந்து போயும்விட்டது. பெயர் வந்தது, போனது. ஆனால் மலாய்க்காரர்களின் கதைகளில் அமோக் செய்த ஆள் ஒருவன் இருக்கிறானே, ஹாங் ஜெபாட், அவன் போகவில்லை. நண்பன் ஹாங் துவாவை அநியாயமாகக் கொல்ல உத்தரவிட்ட மன்னனுக்கு எதிராக அரண்மனையையே கைப்பற்றியவன். உண்மையில் கொல்லப்படாதிருந்த அதே நண்பன் மன்னன் ஏவலால் திரும்பி வந்து குத்த, காயத்தைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று நாள் மலாக்கா நகரில் கண்டவரை வெட்டி, பிறகு அந்த நண்பனிடமே வந்து செத்தவன். பழைய 'ஹிக்காயாட் ஹாங் துவா'வில் அவன் துரோகி. இதே கதையை எடுத்த 1956 படத்தில் துவாவாக நடித்தவர் நம் ரம்லி. 1961-இல் ஹுசைன் ஹனிஃப் எடுத்த படத்தில் ஜெபாட்டே நாயகன். உஸ்மான் அவாங்கின் நாடகத்தில் அவன் வீரன். ஒரே ஆள், ஒரே கொலைகள். பார்ப்பவர்கள் மாற மாற அவன் மாறிக்கொண்டே இருக்கிறான். நோயாளி என்று எழுதி மூடியிருந்தால் இந்தப் பயணம் நடந்திராது. காயத்தை இறுக்கிக் கட்டும் அந்தத் துணிதான் எனக்குப் பெரிது. சாவதற்கு முன் தனக்கு இன்னும் மூன்று நாள் வேண்டும் என்று தீர்மானித்த கை அது.

இதெல்லாம் வெறும் ரசனைச் சண்டை என்று யாரும் எண்ணிவிடக்கூடாது என்பதால் கடைசியாக ஒன்று. மலேசியாவில் ஒருவரை இழிவுபடுத்த நமக்கு ஓர் ஊரின் பெயரே போதும்: தஞ்சோங் ரம்புத்தான். பேராக்கில் 1911 முதல் இயங்கும் மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. தலைமுறைகளாகப் பலருக்கு நிம்மதி தந்த இடம். நாம் அதைக் கேலிச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு திரை வில்லனுக்கும் ஓர் உண்மையான நோயின் பெயரைச் சூட்டும்போது, அந்தப் பெயரோடு வாழும் பிள்ளையை வீட்டுக்குள் மறைக்கும் ஒரு தாய் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள்தாம் அடிக்கடி அடிபடுகிறவர்கள். இது மருத்துவம் உறுதியாகச் சொல்லும் செய்தி. சினிமா கொடுக்கும் படமோ நேர் எதிர்.

அக்கா மகளிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டேன், உங்களிடமும் கேட்கிறேன். படம் பார்த்துவிட்டு வில்லனுக்கு என்ன வியாதி என்று பேசாதீர்கள். அவன் கை என்ன செய்தது, எதைத் தொட்டது, எந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டான் என்று பேசுங்கள். நோய்களின் பெயர்களை, பினாங்குப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவில் எண் சீட்டு வாங்கிக் காத்திருப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள். அவர்களுக்கு அவை வேண்டும்.